ஆஸ்திரேலியாவுல ஃபெடரல் கேஸ்ல தண்டனையா? அப்பீலுக்கு ஃபெடரல் கோர்ட் வாசல்ல போய் நிக்காதீங்க

சென்ட்ரலிங்க் (அரசு உதவித்தொகை குடுக்குற ஆபீஸ்) பணம் ஏமாத்தி வாங்குனது, டாக்ஸ்ல பொய்க் கணக்கு இதெல்லாம் ஃபெடரல் குற்றம். கேஸ் நடத்துறது காமன்வெல்த் டிபிபி, அதாவது மத்திய அரசோட வழக்கு நடத்துற ஆபீஸ், ஆனா விசாரிக்கிறது ஸ்டேட் கோர்ட். 1903 ஜுடிஷியரி ஆக்ட் 68வது பிரிவுப்படி அப்பீலுக்கும் அந்தந்த ஸ்டேட் சட்டம்தான். சட்டம் இவ்ளோதான், அலைச்சல் இனிமேதான்.

பேப்பர் முழுக்க காமன்வெல்த்னு இருக்கறத பாத்துட்டு ஃபெடரல் கோர்ட்டுக்கு ஓடுறாங்க, அங்க இது எங்க வேலை இல்லைம்பாங்க, அப்போ எங்க போறதுன்னு கேட்டா லீகல் அட்வைஸ் குடுக்க மாட்டோம்னு கையில ஒரு பிரசுரத்த திணிப்பாங்க, அதுக்குள்ள நாள் ஓடிடும்.

நியூ சவுத் வேல்ஸ் கணக்கு சொல்றேன், மத்த ஸ்டேட்ல மாறும். லோக்கல் கோர்ட் தண்டனைன்னா டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கு அப்பீல், 28 நாள். விட்டுட்டா மூணு மாசத்துக்குள்ள அனுமதி கேட்டுப் போகலாம், அதுக்கப்புறம் அந்தக் கதவு மூடிடும். டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல ஜூரி வெச்சு நடந்த கேஸ்னா கோர்ட் ஆஃப் கிரிமினல் அப்பீல், 28 நாளுக்குள்ள அப்பீல் போகப்போறேன்னு நோட்டீஸ் குடுக்கணும், அந்த நோட்டீஸுக்கும் காலாவதி உண்டு, குடுத்துட்டு சும்மா இருந்துடாதீங்க.

லாயர் கிடைக்கட்டும், லீகல் எய்ட் பதில் வரட்டும்னு காத்திருந்துதான் நெறைய பேர் மாட்டுறாங்க. ஜெயிக்க வாய்ப்பு இருக்கான்னு பாத்துட்டுதான் லீகல் எய்ட்ல காசு குடுப்பாங்க, உங்க 28 நாள் அதுக்காக நிக்காது. மொதல்ல ஃபாரத்த போட்டுடுங்க, உள்ள இருக்கறவங்க ஜெயில் அதிகாரிகிட்டயே குடுக்கலாம். அப்பீல் போட்டதும் வெளிய விட்டுடுவாங்கன்னு நம்பாதீங்க, பெயில் தனியா கேக்கணும்.

லோக்கல் கோர்ட்ல குத்தத்த ஒத்துக்கிட்டவங்க, குற்றவாளிங்கற தீர்ப்பையே எதிர்க்கணும்னா அனுமதி வேணும். தண்டனை ஜாஸ்தின்னு மட்டும் போனா வேணாம், ஆனா டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் அத கூட்டவும் முடியும். கூட்டப்போறார்னா முன்னாடியே எச்சரிப்பார், அந்த நிமிஷமே அப்பீல வாபஸ் வாங்கிடுங்க, ரோஷம் பாக்காதீங்க.

லெட்டர் பழைய அட்ரஸுக்குப் போய் நீங்க இல்லாமலே லோக்கல் கோர்ட் முடிச்சிருந்தா தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி அதே கோர்ட்ல கேக்கலாம், ரெண்டு வருஷம் டைம்.

சென்ட்ரலிங்க் திருப்பிக் கட்டச் சொன்ன கடன எதிர்த்து டிரிப்யூனல் போயிருந்தா அது கிரிமினல் அப்பீல் ஆகாது. பிஆர்ல (நிரந்தரக் குடியிருப்பு விசாவுல) இருக்கறவங்க இன்னொண்ணும் கவனிங்க: 12 மாசமோ அதுக்கு மேலயோ தண்டனை வாங்கி ஜெயில்ல இருந்தா இமிக்ரேஷன் விசாவ கேன்சல் பண்ணி லெட்டர் அனுப்பும், அதுக்கு பதில் எழுத தனியா 28 நாள், ஒரு நாள் கூட நீட்டிக்க மாட்டாங்க. உங்க அப்பீல் நிலுவைல இருக்கேன்னு அந்த லெட்டர ஓரமா வெச்சுடாதீங்க. இங்கிலீஷ் புரியலன்னா 131 450க்கு போன் போட்டு தமிழ் இன்டர்பிரட்டர் கேளுங்க.