கருஞ்சீரக எண்ணெய் இதயத்துக்குக் கவசமாகுமா?

மார்பகப் புற்றுநோய்க்காக டாக்ஸோரூபிசின் என்ற மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர், மூன்றாம் சுற்றுக்கு முன் இதயத்தை ஒலியலைகளால் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனைக்காக என்னிடம் வந்திருந்தார். உடன் வந்த மகள் கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு நிறக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்து, "அம்மாவோட இதயத்தைக் காப்பாத்தும்னு படிச்சேன் டாக்டர், தினமும் ஒரு ஸ்பூன் குடுக்குறேன்" என்றார். கருஞ்சீரக எண்ணெய், பாதிக் குப்பி தீர்ந்திருந்தது. புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவித்தீர்களா என்று கேட்டதற்கு, "எண்ணெய்தானே டாக்டர்" என்று பதில் வந்தது.

மகளின் அச்சம் நியாயமானது. நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று குறிப்பிடும் டாக்ஸோரூபிசின், உடலிலுள்ள இரும்புடன் சேர்ந்து உருவாக்கும், செல்களைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகளாலும் (free radicals), இதயத் தசைச் செல்களின் டி.என்.ஏ.வைக் குலைப்பதாலும், பெரும்பாலும் மீண்டும் வளராத அந்தச் செல்களை அழிக்கிறது. ஏற்றிய மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மி.கி. என்ற அளவில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கும், 550 மி.கி. அளவில் சுமார் 26 பேருக்கும் இதயச் செயலிழப்பு ஏற்படலாம் எனக் கணக்கிடப்பட்டது.

கருஞ்சீரக எண்ணெய் கொடுக்கப்பட்ட எலிகளில் இந்த மருந்தால் நேரும் இதயச் சேதம் குறைந்ததாக ஆய்வுகள் உள்ளன என்பதும் உண்மையே. ஆனால் அவை பெரும்பாலும் புற்றுநோயே இல்லாத எலிகள். பெரும்பாலும் சில வாரங்களில் சோதனை முடிந்துவிடும். மனிதருக்கோ மருந்து மாதக்கணக்கில் ஏறுகிறது, இதயப் பாதிப்பு சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டுகிறது. இந்தப் பாதையில் நாம் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறோம்: வைட்டமின் ஈ சுண்டெலிகளின் இதயத்தைக் காத்ததாக 1977-இல் செய்தி வந்தது, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது வேறொன்று. கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுயினோன் என்ற வேதிப்பொருள், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சில நொதிகளைத் தடுக்கக்கூடியது. டாக்ஸோரூபிசின் சிதைவதும் ஓரளவு அவற்றில் சில நொதிகளைச் சார்ந்தது; அவை தடைபட்டால் உடலில் அந்த மருந்தின் அளவு மாறிவிடக்கூடும். சமையலில் சேரும் சிட்டிகைக் கருஞ்சீரகத்தை நான் சொல்லவில்லை. நாள்தோறும் கரண்டியளவில் செல்லும் எண்ணெயைச் சொல்கிறேன்.

மனிதரிடம் பயன் நிறுவப்பட்ட வழிகள் இருக்கின்றன: மொத்த அளவைக் கட்டுப்படுத்துவது, தேவைப்படுவோருக்கு இதயத்தைக் காக்கும் டெக்ஸ்ராஸாக்சேன் என்ற மருந்தைத் தருவது, இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, எக்கோவைத் தவறவிடாமல் எடுப்பது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் விகிதம் குறையத் தொடங்கும்போதே சிகிச்சையைத் தொடங்கிவிட்டால், பலருக்கு அது மீளக் காண்கிறோம்.

அந்த அம்மாவுக்கு விகிதம் 60 சதவீதம் இருந்தது, இயல்பான அளவுதான். எண்ணெயை நிறுத்தச் சொல்லி, அதன் பெயரையும் அளவையும் மருந்துப் பட்டியலில் மற்ற மாத்திரைகளுக்குக் கீழே எழுதி, புற்றுநோய் மருத்துவரிடம் காட்டும்படி மகளின் கையில் கொடுத்தனுப்பினேன்.