ஒப்படைத்த பிறகு வரைந்த வரைபடம்

நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்த இளைஞர் தன் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையை மேசைமீது விரித்துவைத்தார். பதினான்காம் பக்கத்தில் கண்ணைப் பறிக்கும் ஒரு கேன்ட் வரைபடம்; எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதைப் பட்டைகளால் காட்டும் படம். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பட்டைகள் படிக்கட்டு இறங்குவதுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எல்லா வேலையும் திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிந்திருந்தது. ஒரு பட்டைகூட எல்லை தாண்டி நீளவில்லை.

“இதை எப்போது வரைந்தீர்கள்?” என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்ல வராத முகம். “பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் இரவு, சார்.”

சிரித்துவிட்டேன். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் படித்த காலத்திலும் அப்படித்தான் வரைந்தேன். என் நண்பர்களும் அப்படித்தான். வேலையெல்லாம் முடிந்தபின், இப்படி நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கத்தை வண்ணத்தில் வரைந்து ஒட்டுவோம். அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கேன்ட் 1910-களில் இந்த வகை வரைபடத்தைத் தொழிற்சாலைகளில் பரப்பியதற்குக் காரணமே வேறு. இன்று முடிந்திருக்க வேண்டிய வேலை எவ்வளவு, முடிந்த வேலை எவ்வளவு என்பதை அன்றே கண்ணால் பார்க்க ஒரு வழி வேண்டியிருந்தது. பின்தங்கியிருப்பதைக் காட்டுவதற்காகப் பிறந்த படம் அது. நாமோ எதுவுமே பின்தங்கவில்லை என்று காட்ட அதைப் பயன்படுத்துகிறோம்.

பதினெட்டு ஆண்டுகளாகத் திட்ட மேலாளராக வேலை செய்கிறேன். புதிதாகச் சேருபவர்களில் பலர் திட்ட மேலாண்மையை ஒரு பாடமாகப் படித்துவிட்டே வருகிறார்கள். சூத்திரம் தெரிகிறது, மென்பொருள் தெரிகிறது. ஆனால் இந்தக் கருவிகள் எல்லாம் கெட்ட செய்தியைச் சீக்கிரமாகச் சொல்வதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை என்பதை யாரும் அவர்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகத்தைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே தவறு செய்தால் போவது சில மதிப்பெண்கள்தான்.

முதலில், எதைச் செய்யப்போகிறோம் என்ற கேள்வி. “வருகைப்பதிவுச் செயலி உருவாக்குதல்” என்று தலைப்பு வைத்த நான்கு பேர் குழுவிடம் ஒருமுறை தனித்தனியாகப் பேசினேன். ஒருவர் கைபேசிச் செயலி என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் இணையதளம் என்றார். மூன்றாமவர் முக அடையாளம் காணும் வசதி கட்டாயம் உண்டு என்றார். நான்காமவருக்கு அறிக்கை எழுதுவது மட்டும்தான் தன் வேலை என்ற எண்ணம். அப்போது ஐந்து வாரம் ஓடிவிட்டிருந்தது.

ஒரே ஒரு தாள் போதும். கடைசி நாளில் எதை ஒப்படைப்போம் என்று மேல் பாதியில் எழுதுங்கள். எதைச் செய்யப்போவதில்லை என்று கீழ்ப் பாதியில் எழுதுங்கள். என் அனுபவத்தில் கீழ்ப் பாதிக்குத்தான் மதிப்பு அதிகம். பத்தாவது வாரத்தில் வழிகாட்டிப் பேராசிரியர் வந்து, “அப்படியே இதையும் சேர்த்துவிடுங்கள்” என்பார். என் தொழிலில் அதிகப் பணத்தைத் தின்ற சொல் எது என்று கேட்டால் ‘அப்படியே’ என்பேன். அதற்கு மறுப்புச் சொல்லத் தேவையில்லை. “சேர்க்கலாம், ஆறு நாள் ஆகும். அதற்குப் பதிலாக எதை விடலாம்?” என்று கேட்டால் போதும். பெரும்பாலும் “சரி, அடுத்த ஆண்டு மாணவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்” என்ற பதில்தான் வரும்.

வேலைகளைப் பிரித்து எழுதும்போதும் ஒரு சிறு பழக்கம் உதவும். “பகுப்பாய்வு செய்தல்” என்று எழுதினால் அந்த வேலை ஒருநாளும் முடியாது. “மூன்று பகுப்பாய்வு அட்டவணைகள்” என்று எழுதினால், மேசைமேல் வைத்து எண்ணிவிடலாம்.

அடுத்தது, எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கு. இதில் மனித மனமே நமக்கு எதிரி. தன் வேலைக்கு ஆகும் காலத்தை மனிதன் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறான் என்பதற்கு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் ஒரு பெயரே வைத்தார்கள். ‘திட்டமிடல் மயக்கம்’ என்று தமிழில் சொல்லலாம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இறுதியாண்டு உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாட்கள் என்று பதில் வந்தது. எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். ஏறத்தாழ 49 நாட்கள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாட்களுக்கும் மேல். அவர்களுடைய மோசமான கற்பனையைவிட நடந்தது மோசம். நாள் முழுவதும் மனித நடத்தையையே படிக்கும் மாணவர்களின் கதி இது என்றால், மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கணிக்கப் பாடத்தில் வரும் பெர்ட் சூத்திரம் இந்த இடத்தில் உதவும். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது அது. அதுவரை யாரும் செய்திராத வேலை என்பதால் ஒற்றை எண்ணை நம்ப முடியவில்லை. மூன்று எண்களைக் கேட்டார்கள். எல்லாம் கூடிவந்தால் 8 நாள், வழக்கமாக 12 நாள், சிக்கல் வந்தால் 28 நாள் என்று வைத்துக்கொள்வோம். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 14. தேர்வுக்கு இந்த 14 போதும். வேலைக்கோ 28 என்று சொன்னவரிடம் “அப்படி என்ன சிக்கல் வரும்?” என்று கேட்பதுதான் முக்கியம். “தரவு தரவேண்டிய துறையில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவர் விடுப்பில் போகக்கூடும்” என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் சூத்திரம். அதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு மாணவர்களிடம் போய், அவர்களுக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள்.

இனி கிரிட்டிகல் பாத். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்று கோத்த வேலைகளில், திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கும் வரிசை அது. டூபாண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் 1957 வாக்கில் இந்த முறையை உருவாக்கின. தமிழில் இதை ‘முக்கியப் பாதை’ என்று எழுதும் குறிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டதும், முக்கியமான, கடினமான, மூளையைக் கசக்கும் வேலைகளின் வரிசை என்றே மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அது அதிக நாட்கள் பிடிக்கும், மிக நீளமான பாதை. அதில் இருப்பது வெறும் காத்திருப்பாகக்கூட இருக்கலாம்.

ஒரு குழுவின் கணக்கைப் பாருங்கள். கேள்வித்தாள் தயாரிக்க 5 நாள். அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க 15 நாள். ஒப்புதல் வந்தபின் தரவு சேகரிக்க 12 நாள். பகுப்பாய்வுக்கு 6 நாள், அறிக்கைக்கு 8 நாள். மொத்தம் 46. இன்னொரு பக்கம், பகுப்பாய்வுக்கான நிரலை எழுத 14 நாள். அதை முதல் நாளே தொடங்கலாம். நிரல் வழியே போனால் 14, 6, 8 சேர்ந்து 28 நாள்தான். அதாவது நிரல் எழுதுபவர் 18 நாள் தாமதித்தாலும் திட்டம் ஒருநாள்கூடத் தள்ளிப்போகாது.

அந்தக் குழு என்ன செய்தது தெரியுமா? நால்வரும் இரவு பகலாக நிரலில் விழுந்து கிடந்தார்கள். அதுதானே ‘முக்கியமான’ வேலை! 14 நாள் வேலையை 9 நாளில் முடித்து மார்தட்டிக்கொண்டார்கள். கேள்வித்தாளோ மூன்றாவது வாரம்தான் நெறிமுறைக் குழுவின் மேசைக்குப் போனது. நிரலில் மிச்சம் பிடித்த ஐந்து நாளால் எந்தப் பயனும் இல்லை. ஒப்புதலில் இழந்த நாட்கள் அப்படியே கடைசித் தேதியில் ஏறின. தரவு சேகரிப்பைப் பாதியில் நிறுத்தித்தான் அறிக்கை எழுதினார்கள். உழைக்கவில்லை என்று யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

“90 சதவீதம் முடிந்துவிட்டது” என்ற வாக்கியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடர்ந்து நான்கு வாரம் அதே 90 சதவீதத்தில் நிற்கும் வேலைகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். என் குழுவில் சிறு வேலைகளுக்கு இரண்டே எண்கள்: பூஜ்யம் அல்லது நூறு. பாதி முடிந்தாலும் பூஜ்யம்தான். கறாராகத் தெரியலாம்; ஆனால் வாரக்கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். முதன்முதலாக நான் பொறுப்பேற்ற திட்டம் அது. வெளியிலிருந்து வரவேண்டிய ஒரு பாகம் குறித்த நாளில் வராது என்பது மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. தொலைபேசியில் அந்த ஆள் இழுத்த இழுப்பிலேயே தெரிந்தது. வார அறிக்கையில் அந்த வரிசைக்கு நேராக, எல்லாம் சரி என்று பொருள்படும் பச்சைப் புள்ளி வைத்தேன். அடுத்த வாரமும் பச்சை. எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை. நான் எதையும் மறைப்பதாக நினைக்கவே இல்லை. உறுதியாகத் தெரிந்தபின் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். ஒன்பதாவது வாரம் பச்சை நேராகச் சிவப்பானது. என் மேலதிகாரி திட்டவில்லை. மூன்றாவது வார அறிக்கையை எடுத்து வைத்து, “அன்றைக்குச் சொல்லியிருந்தால் எனக்கு வேறு இரண்டு வழிகள் இருந்தன. இன்று ஒன்றும் இல்லை” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

குழுவின் அளவைப் பற்றியும் மாணவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. ஆள் கூடினால் வேலை குறையும் என்று நினைக்கிறார்கள். நான்கு பேருக்கு இடையே பேச்சுக்கான இணைப்புகள் 6. எட்டுப் பேரானால் 28. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதினார். கடைசி வாரத்தில் நண்பனைத் துணைக்கு அழைத்து, அவனுக்கு விளக்கிச் சொல்வதிலேயே இரண்டு நாள் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

“நாங்கள் அஜைல் முறையில் செய்தோம், அதனால் திட்டம் எழுதவில்லை” என்று சொல்பவர்களையும் அடிக்கடி சந்திக்கிறேன். அஜைல் என்பது வேலையைச் சிறு சிறு பகுதிகளாக முடித்துக் காட்டி, வரும் கருத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே போகும் முறை. 2001-இல் 17 பேர் கூடி எழுதிய அந்த அஜைல் அறிக்கை, திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பது மேல் என்றுதான் சொன்னது. திட்டத்துக்கு மதிப்பே இல்லை என்று அது சொல்லவில்லை. மதிப்பு உண்டு என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. வேலை செய்யும் நிலையில் உள்ள ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வழிகாட்டியிடம் காட்டியிருந்தால் அது அஜைல். காட்டவில்லை என்றால் அதற்கு வேறு பெயர்.

சான்றிதழ் பற்றி ஒரு எச்சரிக்கை. 1969-இல் தொடங்கப்பட்ட பிஎம்ஐ (Project Management Institute) அமைப்பு திட்ட மேலாளர்களுக்குத் தரும் பிஎம்பி (PMP) சான்றிதழுக்குப் பட்டம் மட்டும் போதாது. திட்டங்களை வழிநடத்திய சில ஆண்டு அனுபவத்தையும் காட்டியாக வேண்டும். படிக்கும்போதே பிஎம்பி வாங்கித்தருகிறோம் என்று யாராவது சொன்னால், அவர்கள் தருவது தங்கள் வகுப்பில் உட்கார்ந்ததற்கான சான்றாகத்தான் இருக்கும். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்காக அதே அமைப்பு சிஏபிஎம் (CAPM) என்ற தேர்வை வைத்திருக்கிறது. பணம் கட்டுவதற்குமுன் தகுதி விதிகளை அமைப்பின் தளத்திலேயே பாருங்கள்.

அந்த இளைஞரைத் தேர்வு செய்தீர்களா என்று கேட்பீர்கள். செய்தோம், அந்த இரவைப் பற்றி உண்மையைச் சொன்னதற்காக. அதன்பிறகு நேர்முகத் தேர்வுக்கு வரும் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன்: “உங்கள் புராஜெக்டில் கெட்ட செய்தியை யாரிடம், எத்தனையாவது வாரம் சொன்னீர்கள்?” பெரும்பாலும் மௌனம்தான். “எங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை” என்பார்கள் சிலர்.

சென்ற ஆண்டு ஒரு பெண் பைக்குள் கைவிட்டு நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். கையால் வரைந்த கேன்ட் வரைபடம். தேதிகள் மூன்று முறை அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் காரணம் ஒரு வரி. ஏழாவது வாரத்தில் இரண்டு பட்டைகளின் குறுக்கே கோடு போட்டு, “கைவிடப்பட்டது, பேராசிரியர் ஒப்புதலுடன்” என்று எழுதி, கீழே அவருடைய கையெழுத்தும் வாங்கியிருந்தார்.

“அறிக்கையில் இதையா வைத்தீர்கள்?”

“இல்லை சார். அழகாக ஒன்று வரைந்து வைக்கச் சொன்னார்கள். இதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.”