கார்ட்டூன் பொண்ணுக்கு என்ன வயசு?

"சார், கார்ட்டூன்ல வர்ற பொண்ணோட மூஞ்சியை வச்சு அவளுக்கு என்ன வயசுன்னு கண்டுபிடிக்க முடியுமா?" பாலக்கோட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி கேட்டது. நல்ல கேள்வி. குழந்தைகளைத் தவறாகச் சித்தரிக்கும் ஓவியங்கள் வழக்குக்கு வந்தால், தடயவியலும் இதே இடத்தில்தான் திணறும்.

முகத்தில் வயது எங்கே ஒளிந்திருக்கிறது? கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவரைக் கேளுங்கள். காய் முற்றிவிட்டதா என்று பார்க்க, அதன் பருமனை மட்டும் பார்க்கமாட்டார். காம்படியில் இரண்டு பக்கமும் தோள் எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். பிஞ்சு அப்படியே ஊதிக் காயாவதில்லை, வடிவம் மாறித்தான் வளர்கிறது. மண்டையும் அப்படித்தான். மூளை முந்திக்கொள்ளும், தாடை பிந்தி வரும்.

இந்த மாற்றத்தை ஒரே ஒரு கணக்கில் அடக்கினார்கள் என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். 1975-இல் ஜான் பிட்டெஞ்சர், ராபர்ட் ஷா என்ற அமெரிக்க உளவியலாளர்கள் பக்கவாட்டு முகக் கோட்டை எடுத்து, கணக்குப்படி இழுத்துப் பார்த்தார்கள். பின்னால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் திருத்தவும் செய்தார்கள். நானும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஒரு சின்னப் பையனின் பக்கவாட்டு முகம், காதுப் பக்கம் ஒரு மையப்புள்ளி. உச்சந்தலை மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் இருந்தால் அதைத் தொடுவதே இல்லை. மையத்துக்கு நேர் முன்னால் உள்ள 5 செ.மீ. தூரம் 5.5 ஆகும். நேர் கீழே உள்ள 5 செ.மீ., 6 ஆகும். இடையில் உள்ள புள்ளிகளெல்லாம் கோணத்துக்குத் தக்கபடி நகரும். அவ்வளவுதான். புதிதாக ஒரு கோடுகூடச் சேர்க்கவில்லை, ஆனால் நெற்றி சாய்ந்து, தாடை இறங்கி, தம்பி அண்ணனாகிவிட்டான்!

தொட்டித் தண்ணீரில் ஆழம் போகப் போக அழுத்தம் கூடுகிற மாதிரி, புவியீர்ப்பில் தலையின் கீழ்ப்பகுதிக்கு அழுத்தம் கூடுவதை வைத்து இதை விளக்கினார்கள். 1979-இல் லியோனார்ட் மார்க்குடன் சேர்ந்து அதே கணக்கை ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் படத்துக்கும் போட்டார்கள். படத்தைப் பார்த்தவர்களுக்குக் காரிலும் வயது தெரிந்தது.

சரி, கார்ட்டூனுக்கு வருவோம். புடைத்த நெற்றி, பெரிய கண், சின்னத் தாடை இருந்தால் நம் மனம் இளகிவிடும் என்று கொன்ராட் லோரென்ஸ் 1943-இலேயே எழுதினார். ஓவியர்களுக்கு இது கைவந்த வித்தை. முப்பது வயதுப் பாத்திரத்துக்கும் குழந்தைக் கண்ணை வைத்துவிடுவார்கள். அதனால் அந்த முகத்தை அளந்து 'எத்தனை வயது போலத் தெரிகிறது' என்று சொல்லலாம். வயது என்று சொல்ல அங்கே எலும்பும் இல்லை, பிறந்த தேதியும் இல்லை.

உயிருள்ள பிள்ளைகளுக்கே சந்தேகம் வந்தால் முகம் போதாது. 2015 சிறார் நீதிச் சட்டப்படி முதலில் பள்ளிச் சான்று, இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் வளரும் முனை அதன் தண்டோடு ஒட்டிவிட்டதா என்று பார்ப்பார்கள். சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி பல்லையும் பார்ப்பார்கள். அதிலும் இரண்டு வருடம் முன்பின் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே சொல்லிவிட்டது. பதினாறா பதினெட்டா என்ற வழக்கில் இரண்டு வருடம் என்பது ஒரு பெண்ணின் வாழ்க்கை.

உலகம் முழுக்கப் புழங்கும் கை எலும்பு எக்ஸ்ரே அளவுகோல் ஒன்று 1930-களில் தொடங்கி அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், வசதியான வீட்டுப் பிள்ளைகளை எடுத்த எக்ஸ்ரேக்களை வைத்து உருவானது. கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளரும் பென்னாகரத்துப் பிள்ளையின் எலும்பும் அதே கணக்கில்தான் ஒட்டுமா? நம் மாவட்டப் பிள்ளைகளை வைத்து இதை ஆராய அரசு பணம் ஒதுக்க வேண்டும். "பொண்ணு நல்லா வளந்துட்டா" என்று கண்ணால் பார்த்தே வயதை முடிவுசெய்து, பத்தாம் வகுப்பிலேயே கல்யாணம் பேசுகிற வீடுகள் தருமபுரியில் இன்னும் இருக்கின்றன. அந்த மாணவிக்கு 5, 5.5, 6 கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வகுப்பில் எல்லோரும் வரைந்து பார்க்கப் போகிறார்களாம்.