சாய்வு சைக்கிளின் வலை இருக்கை: எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது?

சாய்ந்தபடி மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளில் எழுந்து நின்று மிதிக்க வழியில்லை. கால் பெடலை முன்னே தள்ளும்போது, முதுகும் இடுப்பும் இருக்கையைப் பின்னே தள்ளுகின்றன. மேடேறுகையில் முதுகு வலை தளர்ந்திருந்தால், உழைப்பில் ஒரு பங்கு வலையை நீட்டுவதிலேயே வீணாகும். எனவே முதுகுப் பகுதியை நன்றாக இழுத்துக் கட்டுங்கள்.

அமரும் பகுதியிலும் அதையே செய்பவர்கள் பலர். அங்கேதான் தையல் பிரிகிறது.

துணி காயப்போடும் கொடியை நேராக நிற்கவைக்க எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது! வலையும் அப்படித்தான். வலையை இருபுறமும் தாங்கும் சட்டக் குழாய்களுக்கு இடையே 40 செ.மீ., அதன்மேல் சீராகப் பரவிய எடை 60 கிலோ என்று கொள்வோம். வலை நடுவில் 4 செ.மீ. தொய்ந்தால், பக்கவாட்டு இழுப்பு சுமார் 75 கிலோ எடைக்குச் சமம். தொய்வு 2 செ.மீ. ஆனால் 150 கிலோ, 1 செ.மீ. ஆனால் 300 கிலோ! தொய்வு பாதியானால் இழுப்பு இரட்டிப்பாகிறது. அத்தனையையும் தாங்குவது ஓரத்துத் தையலும் நாடாக்களும்தான்.

புது வலை தைப்பதானால், துணிக்கு என் தேர்வு, வெளிப்புற நாற்காலிகளில் வரும் பிவிசி பூசிய பாலியெஸ்டர் வலை. நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். பாவோ (நெடுக்கு இழை) ஊடையோ (குறுக்கு இழை) ஒன்று குழாய்க்குக் குழாய் நேராக ஓடும்படி வெட்ட வேண்டும். மூலைவாக்கில் வெட்டினால் கண்கள் சாய்ந்து, வலை தொங்கிவிடும். பழைய வலையை அச்சாக வைக்காதீர்கள், அது ஏற்கெனவே நீண்டிருக்கும். சட்டத்தையே அளந்துகொள்ளுங்கள்.

ஓரத்தை இரண்டாக மடித்து, உள்ளே நாடா வைத்து, பாலியெஸ்டர் நூலால் தைக்கலாம். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்பது இங்கே பொருந்தாது. ஊசித் துளைகள் வரிசையாக நெருங்கினால், துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். தையலுக்குத் தையல் 3 முதல் 4 மி.மீ. இடைவெளி போதும். நாடா முனைகளைச் சதுரமாகத் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி போடுங்கள். இழுப்பு ஒரே வரியில் விழாமல் பரவும்.

வலையை இழுத்துக் கட்டும் பின்புறப் பட்டைகளைப் பூட்டியதும் அமர்ந்து பாருங்கள். வலைக்கும் அடியிலுள்ள குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே உள்ளங்கை நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால், அமரும் பகுதிப் பட்டைகளை மட்டும் ஒரு சுற்று இறுக்கினால் போதும்.