நாஷ் கேட்டதும் நாம் பார்த்ததும்

கணித மேதை ஜான் நாஷின் வாழ்க்கையை வைத்து ரான் ஹோவர்ட் 2001இல் எடுத்த ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்தில் சார்லஸ் என்றொரு அறைத்தோழன் வருவான். குடிப்பான், கிண்டலடிப்பான், நாஷுக்கு ஒரே ஆறுதல் அவன்தான். அப்படி ஓர் ஆளே கிடையாது என்பது படம் பாதி ஓடிய பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

நிஜ நாஷின் கண்ணுக்கு இப்படி யாரும் தெரியவில்லை. அவருக்குக் குரல்கள்தான் கேட்டன. அவருக்கு இருந்த மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரினியா) அதிகம் காண்பதும் அதுதான்; ஒரு முழு மனிதன் வருஷக்கணக்கில் கூடவே வந்து அரட்டையடிப்பது மிக அபூர்வம்.

குரல் எப்படிக் கேட்கிறது? நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராது. கையை அசைக்கும்போதே ‘இது என் வேலைதான்’ என்று மூளை தனக்குள் தகவல் அனுப்பிவிடுவதால், அந்தத் தொடுதல் மங்கிவிடுகிறது. மனதுக்குள் நாம் பேசிக்கொள்ளும்போதும் இதே ஏற்பாடு உண்டு. அந்தத் தகவல் சரியாகப் போய்ச் சேராவிட்டால், சொந்த எண்ணமே வேறு யாரோ பேசுவதுபோல வந்து விழும் என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். மாயக்குரல் கேட்கும் நோயாளிகளுக்குத் தங்கள் கையாலேயே கிச்சுகிச்சு உணர்வு ஏற்படுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

சரி, காதில் கேட்டதைப் படம் ஏன் கண்ணுக்குக் காட்டியது? வெறும் குரலாக வைத்திருந்தால், காற்றோடு பேசும் ஒருவரை வெளியிலிருந்து பார்த்துப் பரிதாபப்பட்டிருப்போம். நம் படங்களில் கண்ணை உருட்டி, தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வரும் பாத்திரங்களை அப்படித்தானே பார்க்கிறோம்? இங்கே கேமரா நாஷின் பக்கம் நின்றுவிடுகிறது. அவர் நம்புவதை நாமும் நம்பி ஏமாறுகிறோம். அறிகுறி தப்பு, அனுபவம் சரி. எனக்கு இந்தப் பேரம் நியாயமாகவே படுகிறது.

தடயமும் வைத்திருக்கிறார்கள். சார்லஸின் சகோதரி மகள் மார்சி, புறாக் கூட்டத்துக்குள் ஓடுவாள். ஒரு புறாவும் பறக்காது. வருஷங்கள் போனாலும் அவளுக்கு வயது ஏறவில்லை என்பதைக் கவனித்துத்தான், அவள் நிஜமல்ல என்பதை நாஷ் கண்டுபிடிக்கிறார். மருட்சியை, அதாவது இல்லாததை உண்மையென்று உறுதியாக நம்பும் நிலையை, இப்படித் தர்க்கத்தால் ஒரே நொடியில் உடைப்பது சினிமாவில்தான் எளிது. மருட்சிக்கு எதிரான சான்றைக்கூட, அதற்கு ஆதரவாகவே திருப்பிக்கொள்ளும் மனநிலை அது. வேற்றுக்கிரகவாசிகளை எப்படி நம்பினீர்கள் என்று கேட்டவரிடம் நிஜ நாஷ் சொன்னாராம்: கணித யோசனைகள் வந்த அதே வழியில்தான் அவர்களைப் பற்றிய எண்ணங்களும் வந்தன, அதனால் நம்பினேன் என்று.

இன்னொரு திருத்தமும் உண்டு. நிஜ நாஷ் 1970இலேயே மாத்திரையை நிறுத்திவிட்டவர். படத்து நாஷோ 1994இல், நோபல் பரிசு கிடைக்கப்போகும் சமயத்தில், புதிய மருந்துகள் சாப்பிடுவதாகச் சொல்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு நோயாளிகள் மருந்தை விட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் சேர்த்த வசனம் அது.