ஜாஜென்: கூரை இல்லாத எழுத்து

பூங்காவிலோ ஆற்றங்கரையிலோ ஒருவர் கால்மடக்கி, முதுகு நிமிர்த்தி, பார்வையைத் தாழ்த்தி அசையாமல் அமர்ந்திருக்கிறார். ஜப்பானில் இதன் பெயர் ஜாஜென். நாம் 'ஜென் தியானம்' என்று எழுதிவிடுகிறோம். அது 'கேட்டுக் கதவு' என்பதைப் போன்றது. வடமொழியின் தியானம் பாலியில் 'ஜான' ஆகி, சீனத்தில் 'சான்னா' என ஒலித்து, 'சான்' எனக் குறுகி, ஜப்பானில் 'ஜென்' ஆனது. ஆக நாம் எழுதுவது 'தியானத் தியானம்'. 'ஜா'வையோ விட்டுவிட்டோம்.

'ஜா' என்றால் அமர்தல். அதன் பழைய எழுத்து ஒரு சித்திரம்: கீழே மண், மேலே இரண்டு மனிதர். அமரும் இடத்தைக் குறிக்க அதன்மேல் கூரை போட்ட இன்னோர் எழுத்தும் உண்டு. 1946இல் ஜப்பான் அரசு வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் கூரை போட்டதற்கே இடம் கிடைத்தது. செய்தித்தாள்கள் அதையே அச்சிடுகின்றன. ஜென் மடங்கள் பல இன்றும் கூரையில்லாததையே எழுதுகின்றன. எனக்கும் அதுதான் பிடிக்கிறது.

அமைதியான அறையே ஏற்றது என்று சொன்னவர் ஜப்பானிய ஜென் பௌத்த குரு தோகென் (1200–1253). ஆனால் கண்கள் திறந்தே இருக்க வேண்டும் என்றும் அவர் விதித்தார். கண் திறந்திருந்தால் தெரு உள்ளே வரத்தானே செய்யும்? தைத்தோ எனப் போற்றப்படும் ஜென் துறவி ஷூஹோ மியோச்சோ (1282–1337) கியோத்தோவின் கோஜோ பாலத்தடியில் பிச்சைக்காரர்களோடு பல்லாண்டு வாழ்ந்தார் என்பது மரபுக் கதை. அவர் பெயரில் வழங்கும் பாட்டு ஒன்று, ஜாஜென் செய்வதானால் பாலத்தின் மேலேயே செய், போவோர் வருவோரை ஆழ்மலை மரங்களாகப் பார் என்கிறது. காட்டுக்குப் போவதைவிட இது கடினம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தனித்தமிழார் தரும் 'ஊழ்கம்' ஜென்னுக்குப் பொருந்தும், ஜாவுக்குப் போதாது. நம்மிடம் 'இரு' இருக்கிறது. வாழ்தல், அமர்தல் இரண்டும் அதற்குள் அடக்கம். கோப்பெருஞ்சோழன் ஆற்றிடைத் திட்டில், மரத்தின் புள்ளி நிழலில் வடக்கிருந்தான். நோக்கம் வேறு, உயிர்விடுதல். ஆயினும் வெட்டவெளியில் அமர்வதற்கு 'இருத்தல்' என்ற சொல் அன்றே போதுமானதாக இருந்தது. தோகென் மரபினர் தம் முறையை 'ஷிகந்தாஜா', அதாவது வெறுமனே அமர்தல் என்கிறார்கள். மதயானையையும் வசப்படுத்தலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்றார் தாயுமானவர். எனவே 'சும்மா இருத்தல்' என்பதே என் தேர்வு.

ஒரே ஒரு சங்கடம். பூங்காக் காவலாளி வந்து, "இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "சும்மா இருக்கிறேன்" என்ற மிகச் சரியான விடையை அவர் நம்பமாட்டார்.