178 அடியா, 6,000 அடியா?

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்றுகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 321 விமானம் 6,000 அடி விழுந்ததாகச் செய்திகள் வந்தன. பதிவுக் கருவிகள் காட்டியது வேறு. மியான்மருக்கு மேலே 4.6 விநாடிகளில் அது இழந்தது 178 அடி. 37,000 அடியிலிருந்து 31,000 அடிக்கு விமானிகள் இறக்கியது 17 நிமிடம் கழித்து, பாங்காக்கில் தரையிறங்குவதற்காக.

ஆனால் பலர் படுகாயமடைந்தது அந்த 178 அடியில்தான். 0.6 விநாடிக்குள் ஜி விசை (உடல் உணரும் எடை; தரையில் அது +1, குறைக்குறி வந்தால் உடல் மேலே எறியப்படும்) +1.35-லிருந்து −1.5 ஆனது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். 4 விநாடிகளில் விசை +1.5-க்கு ஏறியபோது கீழே வந்து விழுந்தார்கள். எல்லாக் கொந்தளிப்பும் முன்கூட்டியே தெரியாது. வானிலை ரேடார் மழைத்துளியைக் கண்டுபிடிக்கும். மேகமே இல்லாத இடத்தில், ஜெட் காற்றோட்டத்தின் (மிக உயரத்தில் வேகமாக வீசும் காற்று) ஓரத்தில் வரும் கொந்தளிப்பு அதில் தெரியாது. பெல்ட் விளக்கு எரியும்வரை காத்திருப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

ஆயிரக்கணக்கான அடி இறக்கம் பெரும்பாலும் விமானி செய்வது. கேபின் அழுத்தம் குறைந்தால், 35,000 அடியில் தெளிவாகச் செயல்பட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். எனவே விமானிகள் முதலில் முகமூடி அணிந்து, எஞ்சின் விசையைக் குறைத்து, இறக்கை மேலுள்ள வேகத்தடைப் பலகைகளை உயர்த்தி, சில நிமிடங்களில் 10,000 அடிக்கு இறங்குவார்கள். காதடைக்கும், மூக்கு கீழ்நோக்கும், பயமாக இருக்கும். அதுதான் சரியான நடவடிக்கை. முகமூடியை உங்கள் பக்கம் நன்றாக இழுத்தால்தான் ஆக்சிஜன் வரத் தொடங்கும். பை உப்பாவிட்டாலும் காற்று வரும். லேசான தீய்ந்த வாடை இயல்பு.

கருவிக் கோளாறு அபூர்வம், ஆனால் உண்டு. 2008 அக்டோபர் 7-இல் குவாண்டாஸ் 72 விமானத்தின் காற்றுத்தரவுக் கருவி ஒன்று, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைத் தவறாக அனுப்ப, கணினி மூக்கைத் தாழ்த்தியது. 650 அடி இறக்கம். 2024 மார்ச்சில் லாத்தாம் 800 விமானத்தில் விமானியின் இருக்கை தானாக முன்னே நகர, சுமார் 400 அடி இறக்கம். 2009-இல் ஏர் பிரான்ஸ் 447 வேறு வகை: வேகமானிக் குழாய்களில் பனி அடைத்தது, மூக்கு உயர்ந்தபடியே விமானம் தூக்குவிசையை இழந்தது. அதுவே உண்மையான வீழ்ச்சி.

பெல்ட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மீது இறுக்குங்கள். போர்வைக்கு மேலே பூட்டினால் பணியாளர் எழுப்ப மாட்டார். நடைபாதையில் நிற்கும்போது குலுங்கினால் இருக்கையைத் தேடி ஓடாமல், அருகே காலியிடம் இருந்தால் அமருங்கள். இல்லையேல் தரையில் உட்கார்ந்து இருக்கையின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.